மயக்க மருந்துப் பரீட்சையும் மறந்துபோன சில மனிதர்களும்

மயக்க மருத்துவத்தில் மேற்படிப்புப் பரீட்சை எழுதப் போகிறவர்களோடு ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். "ஆறு மணி நேரம், நாலு மணி நேரம், ரெண்டு மணி நேரம்", "கிலோவுக்கு ரெண்டரை மில்லிகிராம்", "மூணாவது நிலை, நாலு தளம்" என்று மந்திரம் மாதிரி ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும். நானும் அப்படி முணுமுணுத்து எம்.டி. பாஸ் பண்ணினவன்தான். இப்போது வருஷா வருஷம் நாலைந்து பேருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வைவாவுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கேள்வி கேட்டால் டாண் டாண் என்று பதில் வரும். "இது எப்படிப்பா தெரிஞ்சுது?" என்று கேட்டால் மட்டும் நிசப்தம். அப்புறம் மெதுவாக ஒரு எதிர்க்கேள்வி: "சார், இதெல்லாம் கேப்பாங்களா?"

கேட்க மாட்டாங்க. ஒரு மார்க்கும் கிடையாது. ஆனாலும் நான் சொல்லாமல் விடுவதில்லை. அந்தப் பதில்களில் பாதிக்கு மேல் யாரோ ஒருத்தர் மேஜையிலேயே செத்துப்போனதால் வந்தவை. சில பதில்கள் ரொம்ப காலம் தப்பாகவும் இருந்திருக்கின்றன. அந்தக் கதைகளில் நாலைந்தை இங்கே எழுதி வைக்கிறேன். டாக்டர் இல்லாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம், பயப்பட வேண்டாம் :-)

கால் நகம்

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் டாக்டர் எல்லார் முன்னாலும் ஈதர் கொடுத்துக் காட்டினார். அடுத்த வருஷம் நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்ஸன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். ஈதர் மாதிரி தொண்டையை எரிக்காது, சீக்கிரம் மயக்கம் வரும், ஒரு துணியும் கொஞ்சம் மருந்தும் இருந்தால் போதும். ஊரே கொண்டாடியது.

கொண்டாட்டம் மூணு மாசம்கூட நிலைக்கவில்லை. 1848 ஜனவரி 28. இங்கிலாந்தில் நியூகாசில் பக்கத்தில் வின்லேட்டன் என்ற ஊர். ஹன்னா கிரீனர் என்ற 15 வயசுப் பெண்ணுக்குக் கால் நகத்தை எடுக்க வேண்டும். இன்னொரு நகத்தை ஏற்கெனவே ஈதர் கொடுத்து எடுத்திருந்தார்கள், பிரச்சினை வரவில்லை. இந்த முறை குளோரோஃபார்ம். துணியில் ஒரு டீஸ்பூன் அளவு. சில நிமிஷங்களில் பெண் போய்விட்டாள். குளோரோஃபார்மில் இறந்ததாகப் பதிவான முதல் ஆள் இவள்தான்.

ஏன் செத்தாள்? சிம்ப்ஸன் சொன்னார்: மருந்து காரணமில்லை, அவளை எழுப்புவதற்காக வாயில் தண்ணீரும் பிராந்தியும் ஊற்றினீர்களே, அது மூச்சை அடைத்துவிட்டது. லண்டனில் இருந்த ஜான் ஸ்னோ சொன்னார்: துணியில் ஊற்றிக் கொடுத்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்றே தெரியாது, அளவு மீறி இதயம் நின்றுவிட்டது. (காலரா பரவியபோது 1854ல் பிராட் தெருவின் பம்புக் கைப்பிடியைக் கழற்றச் சொன்னாரே, அதே ஸ்னோதான். 1853ல் விக்டோரியா ராணிக்குப் பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தவரும் அவரே.)

ஸ்னோவிடம் எனக்குப் பிடித்தது, அவர் வெறுமனே வாதாடவில்லை. எங்கெங்கே யார் யார் குளோரோஃபார்மில் இறந்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். 1858ல் அவர் இறந்த பிறகு வெளிவந்த புத்தகத்தில் ஐம்பது மரணங்களை அலசியிருக்கிறார். நம்ம துறையில் "சாவைக் கணக்கெடுத்துப் படி" என்ற பழக்கம் அவரிடமிருந்துதான் ஆரம்பம் என்று நான் நினைக்கிறேன். ஹன்னா ஏன் இறந்தாள் என்பதில் மட்டும் இன்னமும் ஒருமித்த கருத்து வரவில்லை.

நிஜாம் கொடுத்த ஆயிரம் பவுண்டு

அடுத்த காட்சி நம்ம ஹைதராபாத். எட்வர்ட் லாரி என்ற ராணுவ டாக்டர் அங்கே ரெசிடென்ஸி சர்ஜன். எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் என்ற பெரிய சர்ஜனிடம் படித்தவர். சைமின் பாடம் ஒன்றே ஒன்று: குளோரோஃபார்ம் கொடுக்கும்போது மூச்சை மட்டும் பார், நாடியைப் பிடித்துக்கொண்டு நேரத்தை வீணாக்காதே. லண்டன்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சு நன்றாக ஓடும்போதே இதயம் திடீரென்று நின்றதைப் பார்த்திருக்கிறோம் என்றார்கள்.

லாரி 1888ல் ஒரு கமிஷன் போட்டு நாய்களை வைத்துச் சோதனை செய்து "மூச்சுதான் முதலில் நிற்கிறது, இதயத்துக்கு ஆபத்தில்லை" என்று அறிவித்தார். லான்செட் பத்திரிகை நம்பவில்லை. உடனே ஆறாவது நிஜாம் மஹ்பூப் அலி கான் ஆயிரம் பவுண்டு கொடுத்து, நீங்களே ஒரு நிபுணரை அனுப்பிப் பாருங்கள் என்றார். லான்செட் சார்பில் லாடர் பிரண்டன் கப்பலேறி வந்தார். 1889ல் இரண்டாவது கமிஷன். நூற்றுக்கணக்கான நாய்கள், குரங்குகள். முடிவு? அதேதான். சந்தேகத்தோடு வந்த பிரண்டனே கட்சி மாறிவிட்டார்.

பணம் இருந்தது, ஆள் பலம் இருந்தது, பெரிய பத்திரிகையின் முத்திரையும் இருந்தது. இருந்தும் பதில் தப்பு. அதிக அளவு கொடுத்துக் கொண்டே போனால் மூச்சுதான் முதலில் நிற்கும், அது வாஸ்தவம். ஆனால் ஆஸ்பத்திரியில் பலர் செத்தது அப்படி இல்லை. பயந்துபோய், பாதி மயக்கத்தில், கத்தி பட்ட நேரத்தில் பொட்டென்று போனார்கள். 1911ல்தான் குட்மன் லெவி பூனைகளை வைத்து இதை நிரூபித்தார். குளோரோஃபார்ம் லேசாக இருக்கும்போது உடம்பில் அட்ரினலின் ஏறினால் இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும். ஹைதராபாத் கமிஷனின் கணக்கில் பொய் இல்லை. கேட்ட கேள்விதான் வேறு.

இரண்டாவது கமிஷனுக்கும் லெவிக்கும் நடுவில் 22 வருஷம். அந்த 22 வருஷத்தில் பரீட்சை வைத்திருந்தால் "நாடி பார்க்கத் தேவையில்லை" என்று எழுதியவனுக்கும் முழு மார்க் கிடைத்திருக்கலாம்.

மோட்டார் சைக்கிளும் முதல் பரீட்சையும்

பரீட்சை என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் மயக்க மருந்து கொடுக்கப் படிப்பே தேவையில்லை. கையில் வேலை இல்லாத ஜூனியர், குடும்ப டாக்டர், யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். முதல் உலகப் போரில் அமெரிக்க டாக்டர் ஆர்தர் கீடல் பிரான்சில் மாட்டிக்கொண்டார். காயம்பட்டவர்கள் குவிகிறார்கள், மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை. நர்ஸ்களுக்கும் சிப்பாய்களுக்கும் அவசரமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போய்ப் பார்த்து வந்தார். எல்லா இடத்திலும் அவர் இருக்க முடியாதே? அதற்காகப் போட்டதுதான் அந்த அட்டவணை. கண் எப்படி அசைகிறது, கருவிழிப் பாப்பா எவ்வளவு விரிகிறது, மூச்சு எப்படி, என்று பார்த்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறான் என்று சொல்லிவிடலாம். நாலு நிலை, மூணாவது நிலைக்குள் நாலு தளம்.

ஈதரை ஒரு தடவைகூடத் தியேட்டரில் பார்க்காத நம்ம பிள்ளைகள் இன்றைக்கும் உருப்போடுவது அந்த அட்டவணையைத்தான். தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்த நோயாளியிடம் அந்த அறிகுறிகளில் பலவற்றைப் பார்க்கவே முடியாது. ஆனால் அது படிப்பறிவு குறைந்த ஒரு சிப்பாய்க்காக, அவன் கையில் ஒருத்தன் செத்துவிடக்கூடாது என்பதற்காகப் போட்டது என்று சொன்னால், சட்டென்று ஒரு மரியாதை வருகிறது பாருங்கள், அது எனக்குப் பிடிக்கும்.

பிரிட்டனில் 1932ல் மயக்க மருத்துவர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். முதல் கோரிக்கைகளில் ஒன்று, எங்களுக்கென்று ஒரு பரீட்சை வேண்டும். யாராவது பரீட்சை கேட்டுப் போராடுவார்களா? இவர்கள் போராடினார்கள். 1935 நவம்பரில் லண்டனில் முதல் டி.ஏ. பரீட்சை நடந்தது. மயக்க மருத்துவத்துக்கென்றே நடந்த முதல் பரீட்சை அதுதான் என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் "இது சும்மா சொட்டு விடுகிற வேலை இல்லை" என்று மற்ற டாக்டர்களே ஒத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

வெறும் வயிறு

ஆபரேஷனுக்கு முன்னால் ஏன் பட்டினி என்று உங்களில் பலர் திட்டியிருப்பீர்கள். கர்டிஸ் மெண்டல்சன் ஒரு பிரசவ டாக்டர். நியூயார்க்கில் 1932 முதல் 1945 வரை நடந்த 44,016 பிரசவங்களைப் புரட்டினார். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனது 66 பேருக்கு. அதில் இரண்டு பேர் இறந்தார்கள், இரண்டு பேரும் கெட்டியான உணவு தொண்டையை அடைத்து. மற்றவர்களுக்கு வேறு மாதிரி, ஆஸ்துமா போன்ற மூச்சுத்திணறல். முயலின் நுரையீரலில் அமிலத்தை விட்டுப் பார்த்தார், அதே மாதிரி வந்தது. அமிலத்தை முறித்துவிட்டு ஊற்றினார், வரவில்லை. 1946ல் எழுதினார். அந்த "ஆறு, நாலு, ரெண்டு" எல்லாம் இந்தப் பாதையில் வந்தவைதான். கெட்டி உணவுக்கு ஆறு, தாய்ப்பாலுக்கு நாலு, வெறும் தண்ணீருக்கு ரெண்டு.

1961ல் லண்டனின் பிரையன் செல்லிக், தொண்டையில் ஒரு குருத்தெலும்பை அமுக்கிப் பிடித்தால் வயிற்றில் உள்ளது மேலே வராது என்றார். அவர் பார்த்தது 26 பேரைத்தான். அதை வைத்து அரை நூற்றாண்டு உலகமே அமுக்கியது, நானும் அமுக்கினேன். 2019ல் பிரான்சில் 3472 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜமாக அமுக்கினார்கள், மீதிப் பேருக்கு அமுக்குவது போலப் பாவனை. நுரையீரலுக்குள் போனது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வாதம் இன்னும் முடியவில்லை. "அப்போ சார், வைவால என்ன சொல்றது?" என்றான் ஒரு பையன். ரெண்டையும் சொல்லு, 26ஐயும் சொல்லு, 3472ஐயும் சொல்லு என்றேன்.

மெல்போர்ன் பையன்

கடைசியாக, எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1960, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன். 21 வயசுப் பையன், கால் முறிந்து வந்திருக்கிறான். எலும்பு வெளியே தெரிகிறது. அவன் கவலையெல்லாம் காலைப் பற்றி இல்லை, மயக்க மருந்தைப் பற்றி. "எங்க சொந்தத்துல பத்துப் பேர் ஈதர் கொடுத்துச் செத்திருக்காங்க டாக்டர்" என்கிறான்.

இப்படி ஒரு நோயாளி சொன்னால் நாம் என்ன செய்வோம்? "பயப்படாதீங்க தம்பி, இப்பல்லாம் நல்ல மருந்து வந்திடுச்சு" என்று தட்டிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அங்கே ஈதரை விட்டுவிட்டு, அப்போது புதிதாக வந்திருந்த ஹாலோத்தேனை ஜாக்கிரதையாகக் கொடுத்தார்கள். பத்து நிமிஷத்தில் ரத்த அழுத்தம் விழுகிறது, நாடி எகிறுகிறது, உடம்பு கொதிக்கிறது. உஷாராக இருந்ததால் உடனே மருந்தை நிறுத்தி, ஐஸ் வைத்து, பையனைக் காப்பாற்றிவிட்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். மைக்கேல் டென்பரோ என்ற டாக்டர் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை எடுத்துப் பார்த்தார். பையன் சொன்னது நிஜம், அதுவும் பரம்பரை வழியில் வருவது. அவரும் லவலும் சேர்ந்து அதே வருஷம் லான்செட்டுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார்கள். அதுதான் இப்போது நாம் மெலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்று படிக்கிற வியாதி. தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் கதவில் கோளாறு. மயக்க வாயு பட்டால் கதவு மூடாது, தசை முறுக்கி எரிந்துகொண்டே இருக்கும்.

மருந்தைக் காட்டிக் கொடுத்தது பன்றி. சில பன்றிகளுக்கும் இதே கோளாறு உண்டு. 1975ல் கேப்டவுனில் கெய்ஸ்ஃபோர்ட் ஹாரிசன் அவற்றுக்கு டான்ட்ரோலீன் கொடுத்துக் காப்பாற்றினார். அதற்கு முன் இந்த வியாதி வந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. இப்போது பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். கிலோவுக்கு ரெண்டரை மில்லிகிராம். பழைய குப்பி ஒன்றில் 20 மில்லிகிராம்தான் இருக்கும், ஒவ்வொன்றையும் 60 மில்லி தண்ணீரில் கலக்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு எட்டுக் குப்பி. கணக்குப் போட்டால் புரியும், ஒருத்தர் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் முதல் வேலை ஆளைக் கூப்பிடுவது. நான் பரீட்சைக்குப் படித்த காலத்தில் அந்தக் குப்பியைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. டோஸ் மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்!

ஆபரேஷனுக்கு முதல் நாள் நாம் நிரப்புகிற படிவத்தில் ஒரு வரி இருக்கும்: "குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் தொந்தரவு உண்டா?" பெரும்பாலும் இல்லை என்று டிக் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அந்த வரிக்கு இவ்வளவு கனம் வந்ததில் மெல்போர்ன் பையனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹைதராபாத்தில் நூற்றுக்கணக்கான நாய்கள் சொல்ல முடியாததை, காது கொடுத்துக் கேட்ட ஒரே ஒரு நோயாளி சொல்லிவிட்டான். அதனால் என் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். டோஸை உருப்போடுங்கள், பாஸ் பண்ணுங்கள். ஆனால் நாளைக்கு வார்டில் அந்த வரியைக் கேட்கும்போது, நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், அவர் யோசிக்க ஒரு நிமிஷம் கொடுங்கள்.

லாரியிடம் ஹைதராபாத்தில் குளோரோஃபார்ம் கொடுக்கக் கற்று, பிறகு 1909ல் எடின்பரோ வரை போய்ப் படித்த ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சிப் பெண்மணியைப் பற்றி இதில் சொல்ல இடமில்லாமல் போய்விட்டது. அவருக்குத் தனியாக ஒரு பதிவு போட வேண்டும். போடுகிறேன்.