சத்தியம் செய்ய மறுத்தவர்கள்

1664-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகர நீதிமன்றம். ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் கையில் பைபிளைக் கொடுத்து, அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். அரசர் மேல் அவருக்குப் பகை ஏதும் இல்லை. ‘சத்தியமே பண்ண வேண்டாம் என்று இயேசு சொன்னது, நீங்கள் முத்தமிடத் தந்த இதே புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சொல்லும் என்னைச் சிறையில் வைக்கிறீர்கள். புத்தகத்தை ஏன் வைக்கவில்லை?’ என்ற பொருளில் கேட்டார். அவர்கள் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, ஃபாக்ஸைத்தான் சிறையில் வைப்போம் என்றார்களாம். ஃபாக்ஸே தம் வாழ்க்கைக் குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். 1666 வரை அவருக்குச் சிறைவாசம்தான்.

அவர் தொடங்கிய கூட்டத்தாரை ஊரார் குவேக்கர்கள் என்றார்கள். 1650-களில் வட இங்கிலாந்தில் பரவியவர்கள். 1660-இல் இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பியதும், பழைய அரசைக் கவிழ்த்தவர்களோடு இவர்களையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார்கள். 1662-இல் இவர்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஆனால் அதைவிடச் சுலபமான வழி ஒன்று அதிகாரிகளிடம் ஏற்கெனவே இருந்தது. ஒரு குவேக்கரை உள்ளே தள்ள வேண்டுமா? குற்றம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. கூண்டில் நிறுத்தி, விசுவாசப் பிரமாணம் எடு என்றால் போதும். எடுக்க மாட்டார். சொத்து அரசருக்குப் போகும். அரசர் மனம் இரங்கும் வரை சிறை. ஸ்வார்த்மூர் மாளிகையின் மார்கரெட் ஃபெல் அம்மையாருக்கும் அதே 1664-இல் அதே தீர்ப்புதான். நான்கு ஆண்டுகள் லங்காஸ்டர் கோட்டையில் கிடந்தார்.

இதில் உள்ள விபரீதத்தைக் கவனியுங்கள். உண்மையிலேயே அரசருக்கு எதிராகச் சதி செய்கிறவன் கூசாமல் சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்குப் போவான். பொய் சொல்லக் கூடாது என்று இருப்பவர்தான் உள்ளே போவார்.

சத்தியம் செய்தால் என்ன கெட்டுப்போகும்? மலைப்பிரசங்கத்திலும் யாக்கோபின் நிருபத்திலும் உள்ள கட்டளை ஒரு காரணம். இன்னொன்றையும் அவர்கள் சொன்னார்கள். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தபின் பேசுவது உண்மை என்றால், அதற்கு முன் பேசியது என்ன? கோர்ட்டுக்கு ஓர் உண்மை, சந்தைக்கு ஓர் உண்மை என்று கிறிஸ்தவனுக்கு இரண்டு இருக்க முடியாது. இதைக் கடையிலும் நடத்திக் காட்டினார்கள். பேரம் பேசிப் பொருள் விற்ற காலத்தில், கேட்டவர் யாராக இருந்தாலும் ஒரே விலை சொன்னார்கள். கூட்டிச் சொல்லிவிட்டுக் குறைப்பதும் பொய்தான் என்பது அவர்கள் கணக்கு. இப்படி ஊரார் அவர்கள்மேல் வைத்த நம்பிக்கையின்மேல்தான் பிற்காலத்தில் பார்க்ளேஸ், லாய்ட்ஸ் போன்ற வங்கிகளும் கேட்பரியின் சாக்லேட் வியாபாரமும் எழுந்தன.

1696-இல் சட்டம் கொஞ்சம் இளகியது. சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி கூறலாம் என்றார்கள். ஆனால் குற்ற வழக்கில் சாட்சி சொல்லவோ அரசுப் பதவி வகிக்கவோ அது செல்லாது. 1698-இல் ஜான் ஆர்ச்டேல் என்ற குவேக்கர் விக்கம் தொகுதியில் ஜெயித்துப் பாராளுமன்றத்துக்குப் போனார். கரோலினா குடியேற்றத்தின் கவர்னராக இருந்தவர். தம் உறுதிமொழியை ஏற்கச் சொன்னார், சபை ஏற்கவில்லை. ஒரு சத்தியம் செய்திருந்தால் எம்.பி. ஆகியிருப்பார். செய்யாமல் ஊர் திரும்பினார். குவேக்கர் ஒருவர் உறுதிமொழி கூறி அந்தச் சபையில் உட்கார 1833 வரை, ஜோசஃப் பீஸ் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

சபைக்குள் போன பிறகு பேச்சு எப்படி இருந்தது என்பதுதான் முக்கியம். அதற்கு ஜான் பிரைட் என்ற குவேக்கரைப் பார்க்கலாம். கிரிமியப் போரின்போது நாடே ஆரவாரம் செய்துகொண்டிருக்க, இந்தப் போர் தப்பு என்று எழுந்து நின்று பேசினார். 1857 தேர்தலில் மான்செஸ்டர் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். பேச்சை மாற்றவில்லை. 1882-இல் பிரதமர் கிளாட்ஸ்டனின் அமைச்சரவையில் இருந்தபோது பிரிட்டிஷ் கப்பல்கள் அலெக்சாந்திரியா நகரைக் குண்டு வீசித் தகர்த்தன. மேடையில் ஒன்று பேசி அமைச்சரவையில் வேறொன்றுக்குத் தலையாட்ட அவரால் முடியவில்லை. ராஜினாமா செய்தார். நாத்திகரான சார்ல்ஸ் பிராட்லாவை 1880-இல் சத்தியத்தைச் சாக்காக வைத்துச் சபைக்கு வெளியே நிறுத்தியபோதும், உறுதிமொழி கூற அவருக்கு உரிமை உண்டு என்று வாதாடியவர்களில் பிரைட் ஒருவர். 1888-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கதவை எல்லாருக்கும் திறந்தது.

நம் நாட்டுக்கும் இந்த உறுதிமொழி வழி வந்து சேர்ந்தது. கங்காஜலத்தின் மேலும் குர்ஆன் மேலும் சத்தியம் வாங்குவதை 1840-ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தி, உறுதிமொழியைக் கொண்டுவந்தது. நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் இரண்டு வழியும் உண்டு. 1963-இல் பதினாறாவது திருத்தம் வந்தபின், பதவி ஏற்பவர் மட்டுமல்ல, வேட்பாளரும் ஆணையோ உறுதிமொழியோ எடுத்தாக வேண்டும். 1967-இல் அண்ணாவின் அமைச்சரவை ‘உளமார’ உறுதி கூறிப் பதவியேற்றதைத் தமிழ்நாடு அறியும்.

அந்த வேட்பாளர் உறுதிமொழியை வாங்குகிற மேஜையில் உட்கார்ந்தவன் நான். திருநெல்வேலிப் பக்கம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவன். தேர்தல் வந்தால் உதவித் தேர்தல் அலுவலர். ஒருமுறை வேட்புமனுவோடு வந்தவர் எங்கள் திருச்சபைக்காரர். உறுதிமொழித் தாளைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். “அண்ணாச்சி, கடவுள் பேரால ஆணைன்னு ஒண்ணு இருக்கு, உறுதின்னு ஒண்ணு இருக்கு. நம்மாளுக எதை வாசிக்கணும்?” ரெண்டும் சட்டப்படி செல்லும், உங்க மனசாட்சிப்படி செய்யுங்க என்றேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பக்கத்தில் கிடந்த அடிக்கோலை வைத்து, ஆணை என்ற பகுதியை நேர்கோடாக அடித்தார். எழுந்து நின்று, எழுத்துப் பிசகாமல் வாசித்தார். கையெழுத்துப் போடும்போது விரல் லேசாக நடுங்கியது. வசனத்துக்குக் கீழ்ப்படிந்த மனிதர் என்று மனசுக்குள் மெச்சினேன்.

சாயங்காலம் பஜாரில் அவர் வேன் நின்றது. ஆறு மாதத்தில் நம் குளத்துக்குத் தண்ணீர் வரும் என்று மைக்கில் முழங்கினார். எந்த ஆற்றிலிருந்து, எந்த வாய்க்கால் வழியாக, யார் பணத்தில் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தக் குளத்தின் கோப்பு என் அலுவலகத்தில்தான் இருந்தது. அப்படி ஒரு திட்டம் அதில் கிடையாது. தாளில் அவ்வளவு கவனமாகக் கோடு போட்ட மனிதருக்கு மைக்கில் கவனம் வரவில்லை.

ஃபாக்ஸும் மார்கரெட் ஃபெல்லும் சிறை போனது தாளில் எந்த வரியை அடிப்பது என்பதற்காக அல்ல. அடித்த வரிக்கு வெளியே பேசும் பேச்செல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக. உறுதிமொழியை அவர்கள் வாங்கித் தந்தார்கள். அதன் பாரத்தை நாம் வாங்கிக்கொள்ளவில்லை. ஆணை, உறுதி இரண்டில் எதை எடுத்தாலும், மேடைப் பேச்சுக்கு விதிவிலக்கு உண்டு என்று கிறிஸ்தவ அரசியல்வாதிகளும் நினைக்கிறார்கள். அவர்களுக்குக் கைதட்டும் நாமும் அப்படித்தான் நினைக்கிறோம்.

அடுத்த தேர்தலில் வோட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவரிடம் ஜெபமும் ஆசீர்வாதமும் பேசி நேரத்தைக் கழிக்காதீர்கள். ஊருக்கு வேண்டிய ஒரு காரியத்தைச் சொல்லி, உங்களால் முடியுமா, முடியாதா என்று மட்டும் கேளுங்கள். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர் வந்தால், உங்கள் வோட்டை அவருக்குப் போடுங்கள்.