வாடைக்காற்றும் கண்ணாடிக் குடுவையும்

வெம்பக்கோட்டை என்றவுடன் பட்டாசை நினைப்போர் ஒருபுறமிருக்க, 2022ஆம் ஆண்டுக்குப் பின் அகழாய்வை நினைப்போரும் நம்மிடையே பெருகியுள்ளனர். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்து மேட்டைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது அவ்வாண்டில்தான். சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் பொருட்களும் அங்கே வெளிப்பட்டதை அன்பர்கள் அறிவர். இவ்வட்டாரத்தில் கரிக்கு இருவகை மதிப்பு உண்டு. பட்டாசு ஆலையில் அது மருந்துச் சரக்கு. அகழாய்வுக் குழியில் கிடைத்தாலோ அது காலக்கணக்கு. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது கரியொன்றும் இருக்கிறது. எரிந்து, காற்றோடு கலந்து, கண்ணுக்குத் தெரியாமற் போன கரி அது. அதனைத் தரையில் நின்று அளந்தவர்களின் வரலாற்றையே இங்குப் பேச விழைகிறோம்.

அக்காலப் பாடநூல்கள் இவ்வாயுவைக் கரியமிலவாயு என்றே அழைத்தன. கரியையும் அமிலத்தையும் சேர்த்துக் கட்டிய அச்சொல் 'கார்பன் டை ஆக்சைடு' வந்தபின் மெல்ல வழக்கொழிந்தது. நமக்கு அச்சொல்மீது பற்று உண்டு. ஆகவே இக்கட்டுரையில் அதையே ஆள்கிறோம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். பட்டாசுப் புகைதானே கரியமிலவாயு என்று கேட்போர் உளர். அன்று. பழைய கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடித்தபின் நாம் காணும் வெண்புகை பெரும்பாலும் பொட்டாசிய உப்புகளின் நுண்துகள், கரியமிலவாயுவுக்கு நிறமில்லை. மேலும், விறகைச் சுட்டு எடுத்த கரி, அம்மரம் சில ஆண்டுகளுக்கு முன் காற்றிலிருந்து வாங்கியதையே திருப்பித் தருகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியின் கதை வேறு. பட்டாசுப் புகையால் நுரையீரலுக்கு நேரும் தீங்கு மெய்யே. ஆயினும் அது தனி வழக்கு.

கண்ணுக்குத் தெரியாததை நம்பத்தக்க விதத்தில் அளந்து காட்டியவர் அமெரிக்கரான சார்லஸ் டேவிட் கீலிங். ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 1958 மார்ச்சில் அவருடைய கருவி காட்டிய முதல் அளவு, பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 313 பங்கு. இரண்டோர் ஆண்டுகளிலேயே அவர் இரண்டு செய்திகளைக் கண்டுகொண்டார். வடகோளத்துக் காடுகள் தழைக்கும் கோடையில் அளவு இறங்குகிறது, இலையுதிர்ந்தபின் ஏறுகிறது. இது ஆண்டுதோறும் நிகழும் மூச்சு. அந்த மூச்சுக்கு அடியில், ஒவ்வோர் ஆண்டும் தரைமட்டமே சற்று உயர்ந்துகொண்டிருந்தது. 2024இல் அங்கு ஆண்டுச் சராசரி 424ஐத் தாண்டியது. 1964இல் பணமுடையால் சில மாதங்கள் அளவெடுப்பு நின்றுபோனது. கீலிங்கின் வளைகோட்டில் அந்த இடைவெளி இன்றும் தெரிகிறது.

இந்திய மண்ணில் இவ்வேலை தொடங்கிய இடங்களுள் முதன்மையானது கோவாவின் கேப் ராமா. அரபிக்கடலை நோக்கி நீண்ட அம்முனையில் 1993 முதல் கண்ணாடிக் குடுவைகளில் காற்றை அடைத்தனர். அகமதாபாதின் இயற்பியல் ஆய்வகமும் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனமும் இதில் கைகோத்தன. குடுவைகள் ஆஸ்திரேலியாவுக்குப் பயணமாயின. இடத்தேர்வில் ஒரு நுட்பம் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் அம்முனைக்கு வருவது பெருங்கடலைக் கடந்த காற்று; குளிர்காலத்தில் வருவதோ உள்நாட்டு வயல்களையும் ஆலைகளையும் தடவிவந்த காற்று. ஆக, ஒரே குன்றில் நின்றபடி கடலின் கணக்கையும் நாட்டின் கணக்கையும் தனித்தனியே எடுக்கலாம். வாடை, கோடை, கொண்டல், தென்றல் என்று திசைக்கொரு பெயரிட்ட மொழியினர்க்கு இது புதுச்செய்தியாக இராது.

அங்கே வாயுவின் அளவோடு கரியின் ஓரகத் தன்மையையும் பார்த்தனர். இவ்விடத்தில்தான் அகழாய்வும் காற்றாய்வும் ஒரே நூலில் கோக்கப்படுகின்றன. கரி-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் என்பதைக்கொண்டே கீழடிக் கரித்துண்டுகளுள் ஒன்றுக்கு கி.மு. 580 என்ற காலம் கிடைத்தது. நிலக்கரியிலோ கரி-14 முற்றும் அழிந்துபோயிருக்கும். ஆகவே அது எரிந்து கலந்த காற்றில் கரி-14இன் விகிதம் நீர்த்துப்போகிறது. 1955லேயே ஹான்ஸ் சூயஸ் இதனை மரவளையங்களில் கண்டு சொன்னார். காற்றில் கூடியது யார் வீட்டுக் கரி என்ற கேள்விக்கு இதைவிட வலுவான சாட்சி அரிது.

கேப் ராமாவின் தொடர் 2002இல் அறுந்தது. 2009இல் மீண்டும் தொடங்கி 2013 வரை நடந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய ஏழாண்டுக் காற்று அம்முனையைக் கடந்து போய்விட்டது. அதனை இனி எந்தக் குடுவையாலும் பிடிக்க இயலாது. நாம் இதனைப் பேரிழப்பென்றே கருதுகிறோம். பணமில்லாமலோ ஆளில்லாமலோ ஒரு கல்வெட்டைப் படியெடுக்காமல் விட்டால், அடுத்த தலைமுறை சென்று படியெடுக்கலாம். காற்றுக்கு அந்த வசதி இல்லை.

நல்வாய்ப்பாக, அந்த இடைவெளியிலேயே வேறு நிலையங்கள் எழுந்தன. இந்திய வான் இயற்பியல் நிறுவனமும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் இணைந்து லடாக்கின் ஹான்லேயிலும், 2006 முதல் புதுச்சேரிக்கு வடக்கே கடற்கரையிலும், பின்னர் போர்ட் பிளேரிலும் அளவெடுத்தனர். இந்நிறுவனத்தின் மூலவேர் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகம் என்பதையும், அங்குள்ள கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துப் பொறித்துள்ளனர் என்பதையும் வரலாற்று ஆர்வலர்கள் நினைவுகூரலாம்.

புதுச்சேரியில் நண்பகலுக்குப் பின்னரே குடுவையை நிரப்பினர். இரவில் தரையோடு தேங்கும் காற்றில் பக்கத்துத் தோப்பின் மூச்சும் அடுப்பின் புகையும் கலந்திருக்கும். வெயில் ஏறி, கடற்காற்று வீசத் தொடங்கினால்தான் பரந்த நிலப்பரப்பின் உண்மையான அளவு கிட்டும். ஈரத்தை நீக்கி, இரட்டைக் குடுவைகளில் அடைத்து, பிரான்சுக்கு அனுப்பினர். இரண்டும் ஒத்துச் சொன்னால்தான் அளவு கணக்கில் ஏறும். ஹான்லேயைவிடப் புதுச்சேரியில் கரியமிலவாயுவும் மீத்தேனும் மிகுந்திருந்தன. ஊரும் வயலும் மாடும் அருகிலிருப்பதன் கணக்கு அது.

செயற்கைக்கோள்களும் இவ்வாயுவை வானிலிருந்து பார்க்கின்றன. அவை காண்பது முழுக் காற்றுத்தூணின் சராசரியை. முகில் மூடிய பருவமாதங்களில் அவற்றின் பார்வை மறைகிறது. அவை சொல்வதைச் சரிபார்க்கத் தரையளவுகளே உரைகல்.

கோவாவும் புதுச்சேரியும் கடலோரங்கள். வைப்பாற்றுக் கரிசலில், மேட்டைத் தோண்டும் குழிக்கு அருகிலேயே ஒரு கம்பம் நட்டு, ஆடிக்காற்றையும் மார்கழி வாடையையும் இரட்டைக் குடுவைகளில் அடைத்து வைத்தால், தூத்துக்குடி அனல்மின் நிலையத்து நிலக்கரி எவ்வளவு, கரிமூட்டத்துச் சீமைக்கருவேலம் எவ்வளவு என்று கரி-14 பிரித்துச் சொல்லும். கம்பத்துக்கும் குடுவைக்கும் ஆகும் செலவு பெரிதன்று. பதினைந்து நாளுக்கொருமுறை தவறாமல் சென்று நிரப்ப ஓர் ஆள் வேண்டும், அவர் ஓய்வு பெற்றபின் இன்னோர் ஆள் வேண்டும்.