பெயர் அச்சேறாத ஓவியர்



வாத்துகளைப் பற்றிய சித்திரக் கதைகளில் வரலாற்றுக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். டொனால்டு என்னும் வாத்தை நீங்கள் அறிவீர்கள். மாலுமிச் சட்டை அணிந்தவன். எடுத்ததற்கெல்லாம் சினம் கொள்பவன். தொட்ட காரியம் எதுவும் துலங்காதவன். நான் இன்று பேசப் புகுவது அவனைப் பற்றியன்று. 24 ஆண்டுகள் அவனுக்குக் கதை எழுதியும் படம் வரைந்தும், அந்த இதழ்களில் தம் பெயர் அச்சேறக் காணாத ஒரு மனிதரைப் பற்றியும், அப்பெயரைத் தேடிப் பிடித்த வாசகர்களைப் பற்றியுமே பேச விரும்புகிறேன்.

1940-களிலும் 1950-களிலும் அமெரிக்கச் சிறுவர்கள் பத்துக் காசு கொடுத்து வாங்கிய இதழ்கள் அவை. வெஸ்டர்ன் என்ற நிறுவனம் அவற்றை ஆக்கித் தர, டெல் என்னும் பெயரில் அவை விற்பனைக்கு வந்தன. 1950-களின் தொடக்கத்தில் அவற்றுள் ஓர் இதழ் மாதந்தோறும் ஏறத்தாழ 30 இலட்சம் படிகள் விற்றது. ஆனால் அட்டையைப் பார்த்தாலும் உள்ளே பார்த்தாலும் வால்ட் டிஸ்னி என்ற ஒரே பெயர்தான். கதையெல்லாம் டிஸ்னியே தம் கையால் வரைகிறார் என்று நம்பிய பிள்ளைகள் பலர்.

எனினும் கூர்ந்து நோக்கிய சிலருக்கு ஓர் ஐயம் பிறந்தது. சில கதைகளில் வாத்தின் அலகும் கண்ணும் பேசின. பின்னணியில் தெரிந்த மலையும் கோயிலும் கப்பலும் உண்மையானவை போல நின்றன. கதையும் சிரிப்போடு நில்லாமல் சிந்திக்க வைத்தது. வேறு சில கதைகளிலோ இவை இல்லை. ஆகவே வரைபவர் ஒருவர் அல்லர், பலர். அவருள் ஒருவர் தனித்தவர் என்று அவர்கள் துணிந்தனர். பெயர் தெரியாமையால் அவரை ‘நல்ல வாத்து ஓவியர்’ என்றே வழங்கினர். செம்புலப்பெயனீரார் என்று பாட்டின் தொடரையே புலவருக்குப் பெயராக்கிய நம் முன்னோர் வழி இங்கே நினைவுக்கு வருகிறது. பல்லாண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் எனக்கு இதில் வியப்பில்லை. பெயரெழுத மறந்த மாணவனின் தாளை இரண்டு வரி படித்தவுடனே இன்னாருடையது என்று சொல்லிவிடலாம். கையும் நடையும் மறையா.

வாசகர்கள் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டனர். அக்கடிதங்கள் ஓவியரிடம் போய்ச் சேரவில்லை. விடாமல் முயன்ற சிலருக்கு 1950-களின் இறுதியில் பெயரும், பின்னர் முகவரியும் கிடைத்தன. 1960-ஆம் ஆண்டில் வாசகர் ஒருவரின் பாராட்டுக் கடிதம் கார்ல் பார்க்ஸ் என்பவரின் வீட்டை அடைந்தது. அப்போது அவருக்கு வயது 59. கடிதத்தைப் படித்த அவர் மகிழவில்லை. உடன் பணிபுரிந்த யாரோ விளையாட்டாக எழுதியிருக்கிறார்கள் என்றே ஐயுற்றார்! தம் கதைகளை நினைவில் வைத்துப் போற்றும் மனிதர்கள் இருக்கக்கூடும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கும்.

பார்க்ஸ் 1901-ஆம் ஆண்டு ஆரிகான் மாநிலத்தில் ஓர் உழவர் குடியில் பிறந்தவர். இளமையிலேயே செவிப்புலன் குறைந்தது. பதினைந்து பதினாறு வயதில் பள்ளிப் படிப்பும் நின்றது. வயல் வேலை, மரம் வெட்டுதல், இருப்புப் பாதைப் பட்டறை என்று பல தொழில்களும் செய்தார். 1935-இல் டிஸ்னியின் படக்கூடத்தில் சேர்ந்து, கதைப் பிரிவுக்கு உயர்ந்தார். அங்கிருந்த குளிர்காற்றுப் பொறி அவருடைய மூக்கு நோயை மிகுவித்தது. போர்க்காலப் படவேலையும் பிடிக்கவில்லை. 1942-இல் விலகி, கலிபோர்னியாவில் கோழிப்பண்ணை வைத்துப் பிழைக்க எண்ணினார். அந்த இடைவேளையில் கைவந்த வேலைதான் சித்திரக் கதை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதற்கு மேல் உரிமைத்தொகை ஏதும் கிடையாது.

1947-இல் அவர் படைத்த பாத்திரம் ஸ்குரூஜ். டொனால்டுக்குத் தாய்மாமன், உலகிலேயே பெருஞ்செல்வன், நாணயக் குவியலில் நீந்தி மகிழும் கருமி. டொனால்டோ தன் உடன்பிறந்தாளின் மக்கள் மூவருக்குத் தாய்மாமன். மாமனும் மருமகனுமாக இக்குடும்பம் உலகைச் சுற்றியது. பார்க்ஸ் ஆண்டீசு மலையையோ இமயத்தையோ நேரில் கண்டவரல்லர். நேஷனல் ஜியாகிரபிக் இதழ்களைப் புரட்டி, அவற்றிலிருந்த படங்களைத் துணைகொண்டே வரைந்தார்.

1954-இல் வந்த ஒரு கதையை மட்டும் சொல்கிறேன். பொருளாதாரம் பயில்வோர் கவனிக்க வேண்டியது. பணத்தொல்லையால் நரம்பு தளர்ந்த ஸ்குரூஜ், பணம் என்பதே அறியாத ஓர் இமயப் பள்ளத்தாக்கை நாடிச் செல்கிறார். அவர் எறிந்த மருந்துச் சீசாவின் மூடி ஒன்று அங்கே ஒருவன் கையில் கிடைக்கிறது. வேறெங்கும் இல்லாத பொருள் அல்லவா! அதற்கு ஆசைப்படாதவர் இல்லை; அதைக் கொண்டு பண்டம் வாங்குகிறார்கள்; பூசல் எழுகிறது. எல்லாருக்கும் கிடைத்தால் பூசல் தீரும் என்று ஸ்குரூஜ் நூறு கோடி மூடிகளை விமானத்திலிருந்து கொட்டச் செய்கிறார். வயல்கள் மூடிகளுக்கடியில் புதைகின்றன. மூடிக்கோ மதிப்பே இல்லை. நாணயப் பெருக்கத்தை வகுப்பில் விளக்க இதனினும் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

1966-இல் பார்க்ஸ் ஓய்வு பெற்றார். அவர் எழுதியும் வரைந்தும் தந்த கதைகள் ஏறத்தாழ 500. அவற்றைத் தொகுக்க முன்வந்தவர்கள், சிறுவயதில் அவற்றைப் படித்து வளர்ந்த அன்பர்களே. எந்தக் கதை அவருடையது, எது பிறருடையது என்று பிரித்து அட்டவணை செய்ய வேண்டியிருந்தது. மைக்கேல் பாரியர் என்ற ஆய்வாளர் 1981-இல் வெளியிட்ட நூல் அவ்வகையில் பேருதவி புரிந்தது. மற்றொரு தடையும் இருந்தது. அச்சானபின் மூலப் படங்களை அழித்துவிடுவது அந்நிறுவனத்தின் வழக்கம். அதனால் எஞ்சிய அச்சுப் படிவங்களையும் பழைய இதழ்களையும் தேடித் திரட்ட வேண்டியதாயிற்று. 1983 முதல் 1990 வரை, பத்துப் பெட்டிகளில் 30 தொகுதிகளாக, பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் முதல் பெருந்தொகுப்பு வெளிவந்தது. பின்னர் வட ஐரோப்பிய நாடுகளிலும் அத்தகைய தொகுப்புகள் தோன்றின. 2011 முதல் அமெரிக்காவில் வண்ணப் பதிப்பு வரலாயிற்று.

தொகுப்பின் பயன் என்ன என்பதற்கு ஒரு சான்று. 1953-இல் வந்த குளோண்டைக்கு கதையில், ஸ்குரூஜ் இளமையில் ஒரு மதுக்கடையில் சண்டையிட்டதையும், தன் பொன்னைத் திருடிய பெண்ணைச் சுரங்கத்துக்குத் தூக்கிச் சென்று வேலை வாங்கியதையும் காட்டும் பக்கங்களைப் பதிப்பாசிரியர்கள் வெட்டிவிட்டனர். வெட்டுண்ட பக்கங்களை ஓவியர் பாதுகாத்து வைத்திருந்தார். பிற்காலத் தொகுப்பில் அவை தம் இடத்தை அடைந்தன. அப்பக்கங்கள் இன்றி ஸ்குரூஜ் வெறும் கருமி. அவற்றோடு படிக்கும்போது, காதலை ஒருகால் தவறவிட்ட முதியவர்.

எல்லாப் பக்கமும் பெருமைக்குரியது என்று நான் சொல்லவில்லை. 1949-இல் வந்த ஒரு கதையில் ஆப்பிரிக்க மக்களை இழிவான தோற்றத்தில் வரைந்திருக்கிறார். பிற்காலப் பதிப்புகளில் அவ்வுருவங்களை மாற்றி வரைந்தார்கள். இதில் அன்பர்கள் இன்றும் இரு கட்சியாக நின்று வாதிடுகிறார்கள். சிறு பிள்ளைகள் கையில் தரும் மலிவுப் பதிப்பில் மாற்றுவது தகும். ஆனால் ஆராய்ச்சிப் பதிப்பு, இருந்ததை இருந்தவாறே தந்து, அதன் குற்றத்தைக் குறிப்பில் சுட்ட வேண்டும் என்பதே என் கருத்து. திருத்தி வைத்த சான்றைக் கொண்டு ஒரு காலத்தின் மனத்தை எப்படி அளப்பது?

அன்பர் கூட்டத்திலிருந்து ஓர் ஓவியரும் எழுந்தார். டான் ரோசா என்பவர், 1951-இல் பிறந்தவர், பொறியியல் பயின்று குடும்பக் கட்டடத் தொழிலில் இருந்தவர். பார்க்ஸின் கதைகளில் ஸ்குரூஜ் தம் இளமையைப் பற்றி ஆங்காங்கே உதிர்த்த ஒற்றை வரிகளையெல்லாம், கல்வெட்டுத் துணுக்குகளைத் தொகுப்பவர் போலத் தொகுத்து, 1992 முதல் 1994 வரை பன்னிரண்டு பகுதிகளில் அக்கிழவரின் வாழ்க்கை வரலாற்றை வரைந்தார். 1994-இல்தான் 93 வயதுப் பார்க்ஸ் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று தம் வாசகர்களை நேரில் கண்டார். அவர் 2000-ஆம் ஆண்டில் காலமானார். 2730 என்னும் எண்ணுள்ள சிறுகோள் இன்று அவர் பெயரைத் தாங்கி வானில் சுற்றுகிறது.

ரோசா தம் கதைகளைப் பார்க்ஸுக்குப் படைக்க விரும்பினார். படையல் வாசகத்தின் நான்கு முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் வாத்து என்னும் சொல் வரும். அதுவும் ஒருவகைக் கையொப்பமே என்று சொல்லி அதனை நீக்கினார்கள். அதன்பின் ரோசா அந்த நான்கு எழுத்துகளையும் கதையின் தொடக்கப் படத்தில் புல்லிதழிலோ மரப்பட்டையிலோ கண்ணுக்குப் புலப்படாதவாறு ஒளித்து வரையலானார். அவற்றைத் தேடுவது வாசகர்களுக்கு வழக்கமாயிற்று.