‘ஷெரூட்’: திருச்சி மண்ணிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்

நம் பிள்ளைகள் ஆங்கிலக் கதைகளில் ‘ஷெரூட்’ என்ற சொல்லைப் பார்த்திருக்கலாம். திருச்சி, லால்குடி வட்டாரத்தார் அறிந்திருக்க வேண்டிய சொல் இது.

பொருள்: இரு முனைகளும் வெட்டப்பட்டுத் திறந்திருக்கும் சுருட்டு.

தோற்றம்: இது நம் ‘சுருட்டு’தான். ‘சுருட்டுதல்’ என்ற வினையிலிருந்து வந்த பெயர். ஐரோப்பிய வணிகர்கள் வாயில் உருமாறி ஆங்கிலத்தில் நுழைந்தது. 1886-இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, இதன் மூலம் தமிழ் என்றே பதிவு செய்துள்ளது.

பயன்பாடு: வெள்ளையர் ஆட்சியில் திருச்சிச் சுருட்டு கடல் கடந்து லண்டன் வரை போனது. உறையூர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற இடம். ‘திரிச்சினாப்பள்ளி’ என்ற ஊர்ப் பெயரே ஆங்கிலத்தில் சுருட்டைக் குறிக்கும் பெயராயிற்று. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், சாம்பலைப் பார்த்தே அது திரிச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார்.

சொல் நம்முடையது. ஆனால் புகையிலை நம்முடையதல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடியான அதை இங்கே கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். ‘புகை’யையும் ‘இலை’யையும் சேர்த்து நாம் அதற்குப் பெயரிட்டோம்.

மார்க்கப் பார்வை: நபி (ஸல்) அவர்கள் காலத்து அரபகத்தில் புகையிலை இல்லை. ஹிஜ்ரி 1000-ஐ ஒட்டித்தான் அது முஸ்லிம் நாடுகளில் பரவியது. எனவே உலமாக்கள் பொதுவான அடிப்படைகளைக் கொண்டே தீர்ப்புச் சொன்னார்கள். தொடக்கத்தில் ஆகுமானது என்றும், மக்ரூஹ் என்றும், ஹராம் என்றும் கருத்துகள் இருந்தன. அதன் கேடு மருத்துவத்தால் உறுதியான பிறகு, ஹராம் என்று கூறும் அறிஞர்கள் பெருகிவிட்டார்கள். தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யக்கூடாது என்ற நபிமொழியே அவர்களின் முக்கிய ஆதாரம்.

‘பிறருக்கோ’ என்பதைக் கவனியுங்கள். உலகில் ஆண்டுதோறும் புகையிலையால் 70 லட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் புகைக்காதவர்கள். மற்றவர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள். வீட்டில் அத்தா புகைத்தால் அந்தப் புகை மனைவி மக்களின் நெஞ்சுக்கும் போகிறது. பச்சைப் பூண்டு தின்ற வாடையோடு பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். புகை வாடையோடு ஸஃப்பில் நிற்பது எப்படித் தகும்?

பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லின் வரலாற்றைச் சொல்லிக் கொடுங்கள். அப்போதே அந்தப் பொருளின் கேட்டையும் சொல்லுங்கள். வீட்டில் புகைப்பவர் இருந்தால், முதலில் வீட்டுக்குள் புகைப்பதை நிறுத்தட்டும். பிறகு அந்தப் பழக்கத்தையே விட அல்லாஹ் உதவி செய்வானாக!