டீசல் இழந்த வழவழப்பு

ஊத்துக்குளி, பெருந்துறை வட்டாரச் சாலைகளில் நூல் மூட்டைகளையும் துணிப் பொதிகளையும் சுமந்து செல்லும் லாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றின் டீசல் தொட்டியில் ஊற்றுவதற்கென்றே சிறு புட்டிகளில் பலவகைத் திரவங்கள் கடைகளில் விற்கின்றன. ஒரு மூடி ஊற்றினால் பம்பு தேயாது, மைலேஜ் கூடும் என்கிறார்கள். இது எவ்வளவு உண்மை? விடை காண, கந்தகத்தின் கதையைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கச்சா எண்ணெயில் கந்தகம் இயற்கையாகவே உண்டு. அது எரிந்து வெளிவரும் கந்தக டை ஆக்சைடு நுரையீரலுக்குப் பகை. 1990-களின் தொடக்கத்தில் நம் நாட்டு டீசலில் பத்து இலட்சம் பங்குக்கு 10,000 பங்கு கந்தகம் வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் இந்த வரம்பு 50 ஆயிற்று. 2020 ஏப்ரலில் 10 ஆயிற்று. ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள்!

இதனால் ஒரு புதுத் தொல்லை வரும் என்பதை முதலில் கண்டது சுவீடன். 1991-இல் அந்நாட்டில் கந்தகம் மிகக் குறைந்த டீசல் விற்பனைக்கு வந்தது. சிறிது காலத்திலேயே பல வண்டிகளின் டீசல் பம்புகள் தேய்ந்து பழுதாயின. அந்தவகைப் பம்புகளுக்குத் தனி எண்ணெய் கிடையாது. உள்ளே ஓடும் டீசல்தான் அவற்றுக்கு மசகு. கந்தகம்தான் வழவழப்பைத் தந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. மிகுந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகத்தை நீக்கும்போது, ஆக்சிஜனும் நைட்ரஜனும் கொண்ட சில நுண்சேர்மங்களும் கூடவே போய்விடுகின்றன. உலோகத்தின்மேல் மெல்லிய படலமாக ஒட்டிக் காத்தவை அவையே.

இழந்ததைத் திருப்பித் தருவது எப்படி? கொழுப்பு அமிலங்களும் அவற்றின் எஸ்டர்களும் கைகொடுத்தன. வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளிக்காரர்களுக்கு இவை அந்நியமல்ல. வெண்ணெயின் கொழுப்பும் இதே குடும்பந்தான். (அதற்காக வெண்ணெயைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள்!) பத்து இலட்சத்தில் 100, 200 பங்கு சேர்த்தாலே போதும். 400 லிட்டர் தொட்டிக்கு இது 80 மில்லிலிட்டரைத் தாண்டாது.

டீசலின் வழவழப்பை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. டீசலில் மூழ்கிய எஃகுத் தகட்டின்மேல் ஓர் எஃகு உருண்டையை 60 டிகிரி வெப்பத்தில் 75 நிமிடம் தேய்ப்பார்கள். உருண்டையில் விழும் தேய்வுத் தழும்பு 0.46 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது. நம் நாட்டுத் தரவிதியும் இதுவே. ஆகவே தேவையான கூட்டுப்பொருளைச் சேர்த்த பிறகே டீசல் பங்குக்கு வருகிறது. அதே வேலைக்கு இன்னொரு புட்டி வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து.

மற்றவை? குளிரில் டீசல் உறையாமல் காக்கும் பொருள் லடாக்கில் வேண்டும். கொங்கு நாட்டில் வேண்டாம். மண்ணெண்ணெய் கலந்தால் வழவழப்பு மேலும் குறையும். வழவழப்புக்கென்று டீசலில் என்ஜின் ஆயில் ஊற்றும் பழக்கம் புது லாரிகளுக்கு ஆகாது. அதிலுள்ள துத்தநாகமும் கால்சியமும் எரியாத சாம்பலாகிப் புகைவடிகட்டியை அடைத்துவிடும். புது லாரிகளுக்கான யூரியாக் கரைசல் டீசல் கூட்டுப்பொருளே அன்று. அதற்குத் தனித் தொட்டி உண்டு. தவறியும் டீசலில் கலக்கக் கூடாது.

மழைக்காலத்தில் டீசலில் நீர் சேர்ந்தால் பம்பு துருப்பிடிக்கும், பாசிபோன்ற நுண்ணுயிர்களும் வளரும். வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி அந்த நீரை வடித்துவிட ஐந்து நிமிடம் போதும், காசு செலவில்லை.