காணி விடுவிப்பு: முதலில் கேட்க வேண்டியது எந்தச் சட்டம் என்பதே

‘காணி விடுவிப்பு’ என்று செய்திகளில் வருவது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. உறுதிக் காணி உரிமையாளரிடம் திரும்புவது ஒன்று. ஒதுக்கப்பட்ட அரச காணி மக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுவது வேறொன்று. காணி எந்தச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டதோ, அதன்படியே விடுவிப்பும் நடக்கும்.

உறுதிக் காணி: தனியார் காணியை அரசு எடுப்பது 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ். 2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு ஒட்டப்பட்டது அதன் 2 ஆம் பிரிவு அறிவித்தல். அந்த அறிவித்தலால் மட்டும் உரிமை அரசுக்கு மாறுவதில்லை. காணி அரசுடைமையாகி, உடைமையும் எடுக்கப்பட்டிருந்தால், 39அ பிரிவின் கீழ் அமைச்சர் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். நட்டஈடு வழங்கப்பட்டிருக்கக் கூடாது. காணி பொதுத் தேவைக்குப் பயன்பட்டிருக்கக் கூடாது. மேம்பாடுகள் செய்யப்பட்டிருக்கக் கூடாது. உரித்துடையோர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.

வனக் காணி: போர்க்காலத்தில் கைவிடப்பட்ட வன்னிக் கிராமங்கள் பல காடாகின. மீளக்குடியேறச் சென்றவர்கள் அங்கே எல்லைக் கற்களைக் கண்டார்கள். கல் நடுவது வேறு, வர்த்தமானியில் ஒதுக்கக்காடாகப் பிரகடனம் செய்வது வேறு. பிரகடனம் செய்யப்பட்ட காட்டை விடுவிக்க மீண்டும் வர்த்தமானி வேண்டும். அதிகாரி ஒருவரின் வாய்மொழி உறுதி போதாது. ஆகவே வர்த்தமானி இலக்கத்தையும் வரைபடத்தையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

விடுவித்த பின்: அரச காணி உடனே எவருக்கும் சொந்தமாவதில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி காணி வகுக்கப்பட்டு, காணிக் கச்சேரியில் பயனாளிகள் தெரிவு செய்யப்படுவர். பின்னர் பிரதேச செயலாளர் அனுமதிப்பத்திரம் வழங்குவார். நிபந்தனைகள் நிறைவேறிய பின்னரே அளிப்புப் பத்திரம் கிடைக்கும்.

முன்பு அங்கு வாழ்ந்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பழைய அனுமதிப்பத்திரம் உள்ளவர் புதிய விண்ணப்பதாரர்களுடன் வரிசையில் நிற்கத் தேவையில்லை. முந்தைய உரித்தைக் காட்டியே கோர வேண்டும். பத்திரம் போரில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகக் காணிப் பேரேட்டில் பதிவைத் தேடலாம். பழைய வாக்காளர் இடாப்பு, பாடசாலைப் பதிவு, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஆகியவை குடியிருப்புக்குத் துணைச் சான்றுகள்.

காலக்கெடுவும் முக்கியம். 2025 மார்ச் 28 திகதிய 2430 ஆம் இலக்க வர்த்தமானி, வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு 3 மாதங்களுக்குள் உரிமை கோரும்படி அறிவித்தது; கோராவிடில் அவை அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படலாம் என்றிருந்தது. பலர் வெளிநாடுகளில், பலரிடம் உறுதியே இல்லை. எதிர்ப்பும் வழக்கும் எழ, அது கைவிடப்பட்டது. ஆனால் அந்தக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உண்டு. ஆவணங்களின் பிரதிகளை இப்போதே திரட்டி வைப்பதே பாதுகாப்பு.