கயத்தாற்று விசாரணையும் சிவகிரிப் பாளையமும்: கால்டுவெல்லின் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

தென்காசியிலிருந்து வடக்கே போகும் சாலையில் சொக்கம்பட்டி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று மலையடிவாரத்துப் பழைய பாளையச் சீமை விரிகிறது. இந்தச் சீமையில் கிழக்கிந்தியக் கும்பினி வருவதற்கு முன்பு சட்டமே இல்லை, கொள்ளைதான் இருந்தது என்ற எண்ணம் படித்தவர்களிடையே வேரூன்ற, பிஷப் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு பெரிதும் காரணம். அவர் ஆவணங்களைத் தேடி அச்சேற்றியிராவிட்டால் நமக்குப் பேசவே பொருள் இருந்திராது. அவற்றை அவர் வாசித்த விதத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

ஊர்களைக் காப்பதற்காகப் பெறப்பட்ட திசைகாவல் வரியை அவர் மிரட்டிப் பறித்த பணமாகக் காண்கிறார். அப்படிப் பறித்தவர்களும் உண்டு. ஆனால் காவல் உரிமையோடு ஒரு கடமையும் சேர்ந்திருந்தது: களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும், அல்லது ஈடு கட்ட வேண்டும். பொறுப்பு வகுக்கப்பட்ட ஏற்பாட்டைச் சட்டமின்மை என்பது பொருந்தாது.

அதற்கு மேலே இன்னும் சில அடுக்குகள் இருந்தன. பாளையக்காரர், ஆர்க்காட்டு நவாப், பெயரளவில் தில்லிப் பாதுஷா, இடையில் கும்பினி. 1792 உடன்படிக்கை பாளையங்களின் பேஷ்குஷ் என்னும் கப்ப வசூலைக் கும்பினியிடம் விட்டது. பாளையக்காரர்மீது நவாபுக்கு இருந்த இறையாண்மையை ஒப்புக்கு ஆயினும் காத்தது. ஒப்புக்கு என்பதால் அது இல்லை என்றாகிவிடாது. எழுதிக் கையொப்பமிட்டவர்களைக் கட்டுப்படுத்தும் சொல் அது.

அந்தக் கட்டமைப்பு சில வேளைகளில் வேலையும் செய்தது. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனுக்கும் பாளையக்காரர் கட்டபொம்மனுக்கும் மூண்ட மோதலைச் சென்னை அரசு ஒரு குழுவை வைத்து விசாரித்தது. குழு கட்டபொம்மனைக் குற்றமற்றவர் என்றது. ஜாக்சன் பதவி இழந்தார். மறு ஆண்டே நிலைமை தலைகீழானது: கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

கும்பினிப் படையை நடத்தி வந்த மேஜர் பானர்மன் 1799 அக்டோபர் 17 அன்று கயத்தாற்று முகாமிலிருந்து எழுதிய கடிதத்தைக் கால்டுவெல் தம் நூலில் சேர்த்திருக்கிறார். நான் பலமுறை திரும்பிப் போன பக்கம் அது. தூக்குக்கு முன் நடந்ததைக் குறிக்க அங்கே வரும் ஆங்கிலச் சொல்லுக்குக் கேள்வி கேட்டு அறிதல் என்பதே நேர்ப்பொருள். நீதிமன்ற வழக்கைக் குறிக்கும் சொல் அன்று. கட்டபொம்மன் அஞ்சாமல் நின்றதாகவும், எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி இகழ்ச்சியோடு நோக்கியதாகவும் பானர்மனே பதிகிறார். கால்டுவெல் இதை ஒருவனின் வீரச் செருக்காக வாசித்துக் கடந்துவிடுகிறார்.

எனக்கு அந்தப் பார்வை ஒரு சாட்சியம். கட்டபொம்மன்மீது சுமத்தப்பட்டவற்றுள் ஒன்று, தந்தையை எதிர்த்து நின்ற சிவகிரியார் மகனுக்கு ஆள்படை அனுப்பியது. அப்படியானால் சிவகிரியார் அங்கே பாதிக்கப்பட்ட தரப்பு. எட்டயபுரத்தாரோ கட்டபொம்மனைப் பிடிக்க முனைந்து நின்றவர். வழக்கில் பங்குள்ள இருவரும் கூடியிருந்த சபையில், நடுவர் யார்? படையோடு வந்த மேஜர். பாளையக்காரர்களைக் கூட்டி வைத்துத் தண்டிப்பது தர்பாரின் வடிவம். அந்தத் தர்பாருக்கு உரியவர் நவாப். சென்னை அரசு பானர்மனுக்கு விரிந்த அதிகாரம் கொடுத்திருந்தது உண்மையே. தன்னிடம் இல்லாத இறையாண்மையை அது எப்படிக் கொடுத்தது என்பதே என் கேள்வி. சிவகிரியார் சாட்சியாக அமர்ந்தாரா, வெறும் பார்வையாளராகவா என்பதை இந்த ஒரு கடிதத்தைக் கொண்டு தீர்க்க முடியாது. எப்படி அமர்ந்திருந்தாலும் அது நடுநிலை மன்றம் ஆகாது.

2021இல் போலந்தின் அரசியல் சட்டத் தீர்ப்பாயம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் மேலாண்மையை மறுத்தபோது, கீழ்த்தட்டு மேல்தட்டை மீறுவதையே உலகம் பேசியது. கயத்தாற்றில் மீறல் எதிர்த்திசையில் நடந்தது: பாளையக்காரருக்கு மேலே நின்ற கும்பினியே தான் கையொப்பமிட்ட வரம்பை மீறியது. கால்டுவெல்லின் சட்டகத்துக்குள் அதைக் காண இடமில்லை.

தேதியிலும் ஒரு சிக்கல். சில நூல்கள் தூக்கிட்ட நாளை அக்டோபர் 17 என்கின்றன. கடிதமோ கூட்டம் முந்தைய நாள் நடந்ததாகச் சொல்வதால் 16 என்பதே பொருத்தமாகப்படுகிறது. அச்சுப்படியை மட்டும் நம்பி இதை முடிந்த முடிவாகச் சொல்லத் தயங்குகிறேன். 1801 ஜூலை 31 பற்றி அந்தத் தயக்கம் இல்லை. ஆர்க்காட்டு நவாபுக்கு உரிய கர்நாடகச் சீமையின் ஆட்சியைப் புதிய நவாப் அசீம்-உத்-தௌலா கும்பினிக்கு எழுதிக் கொடுத்தது அன்றுதான். கட்டபொம்மனைத் தூக்கிட்ட கயத்தாற்றுப் புளியமரத்துக்கும் அந்தக் கையொப்பத்துக்கும் இடையே 21 மாதங்கள்.